வெள்ளிக்கு முதல் கருத்துச் சொல்லலாமாம்

குழு: வெள்ளவத்தை வீடு
புதன்கிழமை, மாலை 6.42

நான்: பெரியப்பா, ஒரு உதவி வேண்டும். கம்பஸில் அடுத்த 5 வருடத்துக்கான மூலோபாயத் திட்ட வரைவை எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். மாணவர், பெற்றோர், பழைய மாணவர் எல்லாரும் வெள்ளிக்கு முதல் கூகுள் போமில் கருத்துச் சொல்லலாமாம். பீடிஎப் போடுகிறேன்.

சித்தி: 64 பக்கமா! அடுப்பில் கறி கிடக்கிறது. சுருக்கிச் சொல்லு பிள்ளை.

நான்: தொலைநோக்கு, பணிக்கூற்று, பிறகு ஆறு இலக்கு. உலகத் தரம், ஆராய்ச்சி, புத்தாக்கம், பசுமை வளாகம், டிஜிட்டல் மயம், தொழில்துறைத் தொடர்பு.

அண்ணா: நான் படிக்கும்போது வந்த திட்டத்திலும் இதே ஆறுதான். ஒழுங்கை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

அம்மா: அட்டைப்படம் வடிவாக இருக்கிறது. சிரிக்கிற பிள்ளைகள் யார்?

அண்ணா: யாரென்றாலும் இன்னும் பட்டம் எடுத்திருக்க மாட்டார்கள் அம்மா.

பெரியப்பா: அட்டையை விடுங்கள். பிள்ளை, கடைசிப் பக்கங்களைப் பார். ஒவ்வொரு இலக்குக்கும் பொறுப்பு யார், எந்த வருடத்துக்குள், காசு எங்கிருந்து என்று ஒரு அட்டவணை இருக்க வேண்டும். பதிவாளர் கிளையில் இருந்த காலத்தில் நான் எந்தத் திட்டத்தையும் பின்னாலிருந்துதான் வாசிப்பேன்.

நான்: இருக்கிறது. பொறுப்பு நிரலில் பாதிக்கு மேல் ‘சம்பந்தப்பட்ட அனைவரும்’.

பெரியப்பா: அப்படியென்றால் ஒருவரும் இல்லை.

யாழ்ப்பாணம் மாமா: கருத்துக் கேட்பது சும்மா சடங்கு அண்ணை. முடிவு எப்போதோ எடுத்திருப்பார்கள்.

பெரியப்பா: பாதி உண்மை. வரைவு முதலில் பேராசிரியர்கள் கூடும் மூதவைக்குப் போகும், முடிவு கம்பஸை நிர்வகிக்கிற பேரவையில். 1978 பல்கலைக்கழகச் சட்டப்படி பேரவையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கிற ஆட்கள் மற்றவர்களைவிட ஒருவர் கூட. மாணவருக்கு அங்கே கதிரை இல்லை. ஆனால் பீடச் சபையில் இரண்டு மாணவர் இருக்கலாம். பிள்ளை, உங்கள் பீடத்தில் அந்த இரண்டு பேர் யார்?

நான்: ஒருவரைத் தெரியும். மற்றவரை இனித்தான் தேட வேண்டும்.

யாழ்ப்பாணம் மாமா: திட்டம் போட்டு எந்தக் கம்பஸ் உருப்பட்டது?

பெரியப்பா: ஏன், பேராதனை? 1921 இல் இங்கே தேர்ஸ்டன் ரோட்டில் யூனிவர்சிட்டி கொலிஜ் தொடங்கியது. முழுப் பல்கலைக்கழகம் கொழும்பிலா கண்டிப் பக்கமா என்ற சண்டை வருடக்கணக்கில் இழுபட்டது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம், ஜெனிங்ஸ் துணைவேந்தர். பேராதனைக்குக் குடிபோனது 1952 இல். அங்கே போய்ப் பாருங்கள், மரம் எங்கே கட்டடம் எங்கே என்று ஆறுதலாக யோசித்துச் செய்த வேலை. அவர்கள் கணக்குக்குள் வராதது ஒன்றுதான்: இலவசக் கல்வியும் தாய்மொழிப் படிப்பும் வந்த பிறகு எத்தனை பிள்ளைகள் வாசலில் வந்து நிற்பார்கள் என்பது. 1967 இல் கொழும்பிலேயே திரும்பவும் தனியாக ஒரு பல்கலைக்கழகம் வைக்க வேண்டி வந்தது.

சித்தி: அத்தான் விரிவுரை தொடங்கிவிட்டார். யாராவது வரவுப் பதிவு எடுங்கள் 😄

அம்மா: எனக்கு ஒரேயொரு கேள்வி. இவள் எப்போது முடிப்பாள்? அதைப் போமில் எழுது.

நான்: அம்மா 🙄

பெரியப்பா: சிரிக்காதே. கொம்மா கேட்டதுதான் இதுவரை வந்த நல்ல கேள்வி.

அண்ணா: உண்மை. 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்போடு ஒரு பூட்டு, 2020 இல் கொரோனா, 2022 இல் பெற்றோல் இல்லாமல் எல்லாம் ஸூமில். என் நான்கு வருடப் பட்டம் எங்கே போய் நின்றது என்று வீட்டுக்கே தெரியும். வங்கியில் சேர்ந்த அன்று எனக்கு வேலை காட்டித் தந்தவன் என்னைவிட வயது குறைந்தவன். காசு கட்டித் தனியாரில் படித்து நேரத்துக்கு முடித்துவிட்டான்.

நான்: எங்கள் பிரிவு 2022 உயர்தரத்தை எழுதியதே 2023 ஜனவரியில். பெறுபேறு செப்டெம்பரில், அதுக்குப் பிறகுதான் கம்பஸ் அனுமதிக்கான வெட்டுப்புள்ளி. 2024 மே மாதம் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் வேறு.

யாழ்ப்பாணம் மாமா: அதெல்லாம் நாட்டுப் பிரச்சினை. கம்பஸ் என்ன செய்யும்?

பெரியப்பா: வாசல் பூட்டினதுக்குக் கம்பஸ் பொறுப்பில்லை, சரி. கடைசித் தாள் எழுதி முடித்த பிறகு போகிற மாதங்களுக்கு? விடைத்தாளை இரண்டு பேர் பார்க்க வேண்டும். முதல் பரீட்சகர் முடித்தாலும் இரண்டாமவரின் மேசையில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். கேட்டால் ‘அனுப்பியாயிற்று’, ‘இன்னும் வரவில்லை’. பெறுபேற்றுச் சபைக்குத் திகதி குறிக்க ஏலாது. இதுக்குப் பெற்றோலும் கொரோனாவும் காரணமில்லை. பிள்ளை, குறிகாட்டிகளில் காலத்தைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?

நான்: பொறுங்கள், தேடுகிறேன்.

நான்: ‘பட்டம் பெற்றோர் எண்ணிக்கை’ இருக்கிறது. ‘ஆய்வுக் கட்டுரைகள்’ இருக்கிறது. நட்ட மரங்களின் எண்ணிக்கைகூட இருக்கிறது. உரிய காலத்தில் முடித்தவர்கள் என்று ஒன்றுமில்லை.

அண்ணா: மரத்தை எண்ணலாம், அது ஓடாது.

சித்தி: அந்த மட்டக்களப்புப் பிள்ளை, இவளோடு படிக்கிறவள், போர்டிங் காசு கட்டவே திண்டாடுகிறாள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல உதவித்தொகையை மாதம் 7,500 ரூபா ஆக்கினார்கள்தான். இங்கே ஒரு கட்டிலுக்கே அது காணாது. ஒரு செமஸ்டர் இழுபட்டால் யார் கொடுப்பது?

பெரியப்பா: இதையும் சேர். விடுதி இல்லாத பிள்ளைக்குத் தாமதம் என்றால் வாடகை.

சித்தி: இன்னொன்று. போனமுறை அறிவித்தல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் வந்து, கீழ்வீட்டு நோனாவிடம் கொண்டுபோய் வாசித்தோமே. அதுவும்.

நான்: ‘தயவுசெய்து தமிழிலும் தர முடியுமானால்’ என்று போடவா?

பெரியப்பா: தயவு எதுக்கு? 1987 இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. ‘மூன்று மொழியிலும், ஒரே நாளில்’ என்று எழுது. ஒரே நாளில் என்பது முக்கியம். இல்லாவிட்டால் கடைசித் திகதி முடிந்த பிறகு தமிழ்ப் பிரதி வரும்.

இரவு 8.31

நான்: எழுதிவிட்டேன், பாருங்கள்.
“1. உரிய காலத்தில் பட்டம் முடிப்போரின் வீதத்தைப் பீடவாரியாக ஒவ்வொரு வருடமும் வெளியிட வேண்டும். 2. கடைசித் தாளிலிருந்து பெறுபேறு வரை எத்தனை கிழமை என்று எல்லை குறித்து, அதுக்குப் பொறுப்பான பதவியைத் திட்டத்தில் எழுத வேண்டும். தாமதமானால் விடுதி கிடைக்காத மாணவருக்கு வாடகை உதவி வேண்டும். 3. மாணவருக்கும் பெற்றோருக்கும் வரும் அறிவித்தல்கள் மூன்று மொழியிலும் ஒரே நாளில் வர வேண்டும். பசுமை வளாகத்தை வரவேற்கிறோம்.”

பெரியப்பா: கடைசி வரியை வெட்டு. அதைப் பிடித்துக்கொண்டு ‘மாணவர் வரவேற்பு’ என்று அறிக்கையில் போட்டுவிடுவார்கள். மற்றது சரி.

அண்ணா: போன திட்டத்தில் எது நடந்தது என்று எங்கே பார்ப்பது?

பெரியப்பா: கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் வருடாந்த அறிக்கை. அரச பல்கலைக்கழகம் ஒவ்வொன்றுக்கும் உண்டு, இணையத்திலும் கிடக்கிறது. செயற்திட்டத்தில் சொன்னதில் எது நடக்கவில்லை என்று அவர்கள் எழுதுவதுண்டு. தம்பி, நாளைக்கு நீ அதைத் தேடு.

யாழ்ப்பாணம் மாமா: நான் இப்போதும் சொல்கிறேன், ஒருவரும் வாசிக்கப் போவதில்லை.

பெரியப்பா: இருக்கட்டும். தர மதிப்பீட்டுக்கு வெளியாட்கள் வரும்போது ‘பங்காளரிடம் கருத்துக் கேட்டதுக்கு ஆதாரம் எங்கே’ என்றுதான் முதலில் கேட்பார்கள். அன்றைக்கு இந்தப் பதில்களைக் கோப்பிலிருந்து எடுத்தே தீர வேண்டும். ஒரே விஷயத்தைப் பல பேர் எழுதியிருந்தால் அதை மறைப்பது கஷ்டம்.

நான்: அனுப்பிவிட்டேன். அம்மா, பெற்றோருக்கு வேறு போம். நீங்களும் நிரப்ப வேண்டும்.

அம்மா: என் ஜீமெயில் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது?

அண்ணா: நீங்கள்தானே மாற்றினீர்கள். தொட வேண்டாம், சனிக்கிழமை வந்து பார்க்கிறேன்.

நான்: வெள்ளிக்கு முதல் அனுப்ப வேண்டும்!

அண்ணா: சரி, நாளைக்கே வருகிறேன்.