அப்பா மாஸ்க்கைப் பிடுங்குகிறார்: பைபேப் போதுமா?

கேள்வி:
அப்பாவுக்கு 67 வயது. 40 வருடம் பீடி. சிஓபிடி (மூச்சுக்குழாய்கள் சுருங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இன்று மாலை மூச்சுத்திணறி, பேச்சும் குழறிப்போய் ஐசியூவில் சேர்த்தோம். ரத்தத்தில் பிஎச் (அமிலம் கூடினால் இறங்கும் அளவு) 7.26, கரியமில வாயு 78 என்றார்கள். அரை மணி நேரமாக மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் பைபேப் மிஷின் ஓடுகிறது. "கழற்றும்மா, காற்று முகத்தில் அறைகிறது" என்று கையைப் பிடித்துக் கெஞ்சுகிறார். ஆக்சிஜன் 90-லேயே நிற்கிறது. கூட்டச் சொன்னால் மறுக்கிறார்கள். பார்க்கவே முடியவில்லை. கழற்றிவிடட்டுமா?

பதில் 1 (ஐசியூ செவிலியர், 14 வருடம்):
கழற்றாதீர்கள் சகோதரி. மூச்சுத்தசைகள் களைத்துப்போனதால் கரியமில வாயு வெளியேறாமல் தேங்கியிருக்கிறது, குழறல் அதனால்தான். மூச்சை இழுக்கும்போது அழுத்தத்தைக் கூட்டி, விடும்போது குறைத்து, அந்தத் தசைகளின் சுமையை பைபேப் வாங்கிக்கொள்கிறது. இவருக்கு ஆக்சிஜன் 88 முதல் 92 வரை போதும். அதற்கு மேல் ஏற்றினால் கரியமில வாயு இன்னும் கூடிவிடலாம்.

முதல் ஒரு மணி நேரம்தான் போராட்டம். நான் எடுத்தவுடன் பட்டையை மாட்டமாட்டேன். மாஸ்க்கை நோயாளியின் கையிலேயே கொடுத்து முகத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். என் கை அவர் கைமேல் இருக்கும். "இழுங்கள் ஐயா... விடுங்கள்" என்று ஐந்து நிமிடம். மூச்சு மிஷினோடு இசைந்த பிறகுதான் பட்டை. அதனடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். உங்கள் செவிலியரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். மூக்குத்தண்டு சிவந்தால் சொல்லுங்கள். மாஸ்க் இருக்கும்போது ஒரு வாய்த் தண்ணீர்கூட வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி வந்தால் மட்டும் உடனே கழற்றிவிட்டுக் குரல் கொடுங்கள்.

பதில் 2 (நுரையீரல் மருத்துவர்):
செவிலியர் சொன்னது அத்தனையும் சரி. ஒரு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் பிஎச் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஏறியிருந்தால் பெரும்பாலும் கரை சேர்ந்துவிடுவார். 1995-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், இத்தகைய நோயாளிகளில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 74 சதவீதம் பேருக்குச் செயற்கை சுவாசத்துக்கான தொண்டைக்குழாய் தேவைப்பட்டது. மாஸ்க் வைத்தவர்களில் 26 சதவீதம்தான். ஆனால் பிஎச் இறங்கி மயக்கமும் கூடினால் குழாய்க்குச் சம்மதிக்கத் தயங்காதீர்கள். அந்த நேரத்தில் மாஸ்க்கை நம்பிக் காலம் கடத்துவது உயிருக்கே ஆபத்து.

கேள்வி கேட்டவர்:
செவிலியரிடம் சொன்னேன். பட்டையைத் தளர்த்தி, அப்பா கையிலேயே கொடுத்தார். பத்து நிமிடம் அவரே பிடித்திருந்தார், நான் அவர் கையைப் பிடித்திருந்தேன். இப்போது பிஎச் 7.31. மாலையில் என்னை அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், சற்று முன் என் பெயரைச் சொன்னார்.