நான்கு சிம்முக்கும் பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் நேரலை உடைகிறது: ஞாயிறு தீமிதிக்கு முன் உதவி தேவை

பெரட்டுக்களம், வெள்ளி இரவு 11.40

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தைக்கு உள்ளே இருக்கும் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவை நேரலையில் அனுப்பும் பொறுப்பு இவ்வாண்டு என்னிடம் வந்திருக்கிறது. படத்தைச் சுருக்கி, நான்கு சிம் அட்டைகளைப் பிணைத்து, இணையத்தில் இருக்கும் கிளவுட் சர்வருக்கு அனுப்பும் சிறிய என்கோடர் பெட்டி ஒன்றை நண்பர் கட்டிக் கொடுத்தார். புதன்கிழமை காலை ஒத்திகையில் ஒரு மணி நேரமும் படம் கண்ணாடிபோல் போனது. ஆனால் இன்று மாலை கரகம் ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்டுக் கோயில் வாசலுக்கு வந்த நேரத்தில் படம் கட்டம் கட்டமாகச் சிதறி, பிறகு பத்து பதினைந்து நொடி அப்படியே உறைந்து, கடைசியில் மறுமுனையில் படத்தை வாங்கும் ரிசீவர் இணைப்பையே துண்டித்துவிட்டது. அப்போதும் என்கோடர் திரையில் நான்கு இணைப்புகளுக்கும் பச்சை விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. ஞாயிறு மாலை ஆறரை மணிக்குத் தீமிதி. தோட்டத்து லய வீடுகளை விட்டுப் போன குடும்பங்கள் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் பார்க்கக் காத்திருக்கின்றன. எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

கம்பிவடம், வெள்ளி இரவு 11.58

தம்பி, நீங்கள் நோயைச் சொல்லியிருக்கிறீர்கள், நோயாளியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படத்தை இணையத்தில் எந்த நெறிமுறையில் (அனுப்பும் முறையில்) அனுப்புகிறீர்கள், ஆர்.டி.எம்.பி.யா எஸ்.ஆர்.டி.யா? பிட்ரேட், அதாவது நொடிக்கு அனுப்பும் தரவு, எவ்வளவு? தாமத இடைவெளி, அதாவது தொலைந்த தரவுக்காக ரிசீவர் காத்திருக்கும் நேரம், எத்தனை மில்லி நொடி? கிளவுட் சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது? நான்கு சிம்களும் எந்தெந்த வலையமைப்பைச் சேர்ந்தவை? இவை தெரியாமல் யார் சொன்னாலும் அது ஊகம்தான்.

ஈயப்பற்று, சனி அதிகாலை 12.15

எனக்கு இது மின்சாரக் கோளாறாகவே தெரிகிறது. யு.எஸ்.பி. 2.0 வாய் ஒன்றின் தரப்படி கிடைப்பது 500 மில்லி ஆம்பியர், 3.0 வாயில் 900. சிக்னல் பலவீனமாகும்போது மோடம் முழு வலுவோடு கத்த வேண்டியிருக்கும், அப்போது அதன் மின்தேவை ஏறும். நான்கு மோடம்களும் ஒரே நேரத்தில் கத்தினால், அவற்றைப் பெட்டியோடு இணைக்கும் யு.எஸ்.பி. ஹப், தனி மின்சாரம் இல்லாவிட்டால், தாங்காது. ஒத்திகையில் கூட்டம் இல்லை, அதனால் மோடம்கள் சிரமப்படவில்லை. ஹப்புக்குத் தனி அடாப்டர் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஜெனரேட்டரிலிருந்து எடுத்தால் அதன் மின்னழுத்தத்தையும் அளந்து பார்க்க வேண்டும்.

செம்பனை_நிழல், சனி காலை 6.20

நான் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் படம்பிடித்திருக்கிறேன். ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நட்ட செம்பனை இருபது வயதைத் தாண்டினால், கீழே நிற்பவருக்கு வானமே துண்டு துண்டாகத்தான் தெரியும், மழை பெய்து ஓலை நனைந்துவிட்டால் சிக்னல் இன்னும் மங்கும். அதோடு கோயில் மண்டபம் தகரக் கூரையாக இருந்து, என்கோடர் அதன் அடியில் மேசைமேல் இருந்தால், நான்கு மோடம்களும் ஒரு தகர டப்பாவுக்குள் இருப்பதற்குச் சமம். பெட்டியை வெளியே கொண்டுவந்து, நீளமான கம்பத்தில் கட்டி, கூரைக்கு மேலே உயர்த்துங்கள்.

தந்திக்கம்பம், சனி காலை 7.05

இதே கேள்விக்கு நான் பலமுறை விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் தேடிப் படிக்கும் பழக்கம் வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சமாகும். அடிப்படை தெரியாதவர்கள் முதலில் ஒற்றை இணைப்பில் அனுப்பிப் பழக வேண்டும், பிறகுதான் பிணைப்புக்கு வர வேண்டும். நண்பர் கட்டிக் கொடுத்த பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதுகூடத் தெரியாமல் ஓர் ஊரின் திருவிழாவை ஏற்றுக்கொள்வது பொறுப்பான செயல் அன்று. எஸ்.ஆர்.டி. 1.5 பதிப்பிலேயே பிணைப்பு வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் வேறு எந்தப் பெட்டியும் தேவையில்லை.

பெரட்டுக்களம், சனி காலை 7.40

மன்னிக்க வேண்டும், அவசரத்தில் எழுதிவிட்டேன். எஸ்.ஆர்.டி.தான், அதற்கு மேல் எஸ்.ஆர்.டி.எல்.ஏ. என்னும் பிணைப்பு ஓடுகிறது. படத்தின் அளவு 1080 வரி, பிட்ரேட் 6 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 6 மெகாபிட்). ஹப்புக்குத் தனி அடாப்டர் இருக்கிறது, ஜெனரேட்டர் வழியாக அல்லாமல் கோயில் மின்சாரத்திலிருந்தே வருகிறது. பெட்டி தகரக் கூரையின் அடியில்தான் இருந்தது, இன்று வெளியே மாற்றிவிடுகிறேன். சிம்கள் எல்லாம் வெவ்வேறு நிறுவனங்கள், அதில் குறை இல்லை.

அலைக்கற்றை, சனி காலை 8.10

தந்திக்கம்பம் ஐயா சொன்னதில் ஒரு திருத்தம் தேவை. எஸ்.ஆர்.டி. 1.5 தரும் பிணைப்பு இரண்டு வகையானது. ஒன்றில் ஒரே பொதியின் (தரவுத் துண்டின்) நகல் எல்லாப் பாதைகளிலும் போகும். மற்றொன்றில் ஒரு பாதை ஓடும், இன்னொன்று காத்திருக்கும். இரண்டுமே பாதுகாப்புக்கானவை, வேகத்தைக் கூட்டுபவை அல்ல. 6 எம்.பி.பி.எஸ். படத்தை அப்படி அனுப்பினால், ஒவ்வொரு சிம்மும் தனியாக 6 எம்.பி.பி.எஸ். சுமக்க வேண்டும். தோட்டத்தில் அது நடக்காது. இவர் வைத்திருக்கும் எஸ்.ஆர்.டி.எல்.ஏ. பொதிகளைப் பாதைகளுக்குள் பிரித்து அனுப்பி மறுமுனையில் ஒன்றாக்குகிறது. இவருக்குத் தேவையானது அதுதான்.

தந்திக்கம்பம், சனி காலை 8.32

பிணைப்பு என்றால் பிணைப்புதான். நீங்கள் சொல்வதைக் கூட்டல் என்று அழைக்க வேண்டும். ஒரே சொல்லை இரண்டு பொருளில் எழுதினால் புதியவர்கள் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

அலைக்கற்றை, சனி காலை 8.50

அந்தக் குழப்பத்தைத்தான் நானும் சொல்கிறேன். களத்தில் வேலை செய்யும் எல்லோரும் பிரித்து அனுப்பிச் சேர்ப்பதைத்தான் பிணைப்பு என்கிறார்கள். நகல் அனுப்புவதைக் காப்பு என்று சொல்லிவிட்டால் சிக்கல் தீரும். நாளை ஒருவர் உங்கள் சொல்லை நம்பிப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டால், அந்த ஊர்க் கோயில் கறுப்புத் திரையைத்தான் பார்க்கும்.

தந்திக்கம்பம், சனி காலை 9.04

நான் இந்தத் துறைக்கு வந்தபோது இங்கே பலருக்கு மோடம் என்ற சொல்லே தெரியாது. எனக்குச் சொல் சொல்லித் தர வேண்டிய தேவை இல்லை.

கம்பிவடம், சனி காலை 9.15

இருவரும் பொறுத்தருள வேண்டும். நாளை மாலை ஆறரை மணிக்குக் குழியில் இறங்குபவர்கள் நம் சொல்லாராய்ச்சிக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

பெரட்டுக்களம் தம்பி, என் கேள்விகளில் மூன்றுக்கு இன்னும் பதில் வரவில்லை. தாமத இடைவெளி எவ்வளவு, சர்வர் எங்கே, நான்கு சிம்களும் எந்த வலையமைப்பு, எந்தக் கருவியில் இருக்கின்றன? வெவ்வேறு நிறுவனம் என்று மட்டும் சொன்னால் போதாது, 4ஜியா 5ஜியா என்பதும் வேண்டும்.

பெரட்டுக்களம், சனி நண்பகல் 12.25

நண்பரிடம் கேட்டு எழுதுகிறேன். இரண்டு 4ஜி யு.எஸ்.பி. மோடம்கள், யு.எஸ்.பி. வழியாக இணைத்த இரண்டு 5ஜி கைப்பேசிகள். மோடம்கள் இரண்டுக்கும் 192.168.8.1 என்ற ஒரே முகவரி இருந்ததால் ஒன்றை 192.168.9.1 என்று மாற்றிவிட்டதாகச் சொன்னார். ஒரு மோடத்தில் பெரிய நிறுவனத்தின் சிம், மற்றதில் மலிவுத் திட்டச் சிம். சர்வர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கிறது, கணக்கு தொடங்கியபோது அதுவே தேர்வாகியிருந்ததாம். பிங், அதாவது தரவு போய்த் திரும்பும் நேரம், 235 மில்லி நொடி காட்டுகிறது. தாமத இடைவெளி 120, அதை யாரும் தொடவில்லை. பிட்ரேட் தானாகக் குறையும் வசதி இருக்கிறது, ஆனால் படம் தெளிவாக இருக்க வேண்டும் என்று கீழ் எல்லையை 5 எம்.பி.பி.எஸ்.ஸில் வைத்தோம்.

கம்பிவடம், சனி பிற்பகல் 1.10

இப்போது படம் தெளிவாகிவிட்டது. உங்கள் பெட்டி உடையவில்லை, தம்பி. அதற்குக் கொடுத்த கட்டளைகள்தான் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

தாமத இடைவெளியிலிருந்து தொடங்குகிறேன். பொதி போய்ச் சேர்ந்ததா என்று தானாகப் பார்க்காத யு.டி.பி. முறையின் மேல் எஸ்.ஆர்.டி. ஓடுகிறது. வழியில் ஒரு பொதி தொலைந்தால், ரிசீவர் அதைக் கவனித்து, மீண்டும் அனுப்பு என்று கேட்கும். அந்தக் கேள்வி உங்கள் தோட்டத்துக்கு வந்து, பொதி திரும்பிப் போய்ச் சேர ஒரு முழுச் சுற்று ஆகும், அதாவது 235 மில்லி நொடி. ஆனால் ரிசீவர் காத்திருக்கச் சம்மதித்திருப்பது 120 மில்லி நொடி மட்டுமே, அதுதான் எஸ்.ஆர்.டி.யின் தொடக்க மதிப்பு. ஆகவே தொலைந்த பொதி ஒவ்வொன்றும், திருப்பி அனுப்பியும், வண்டி போன பிறகு வந்து நிற்கும் பயணியாகிவிடுகிறது. புதன்கிழமை பொதி தொலையவில்லை, அதனால் குறை வெளியே தெரியவில்லை. நேற்றுக் கூட்டம் வந்ததும் தொலைந்தது, தொலைந்தவை ஒன்றுகூட மீளவில்லை. சுற்று நேரத்தின் நான்கு மடங்காவது வைக்க வேண்டும் என்பது பொது வழக்கம். பிணைப்பில் ஒரு பாதை வேகமாகவும் இன்னொரு பாதை மெதுவாகவும் வருவதால் அதைவிடத் தாராளமாக வையுங்கள். 3000 வைத்தால் பார்ப்பவர்களுக்கு மூன்று நொடி பிந்தித் தெரியும். தீமிதிக்கு மூன்று நொடி ஒரு பொருட்டே அன்று. இரு முனைகளில் எது பெரிய எண்ணோ அதையே எஸ்.ஆர்.டி. எடுத்துக்கொள்ளும் என்றாலும், இரண்டிலும் மாற்றிவிடுங்கள்.

சர்வரை இன்றே சிங்கப்பூருக்கு மாற்றுங்கள். அமேசான் நிறுவனம் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே ஒரு கிளவுட் வட்டாரத்தைத் திறந்திருக்கிறது, அதுவும் ஆகும். ஆனால் பழைய சர்வரில் திறந்து வைத்த யு.டி.பி. வாயில் (போர்ட்) புதிய சர்வரில் தானாகத் திறக்காது. அதை மறந்துவிட்டு நாளை மாலை ஐந்து மணிக்கு மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது சிம்கள். நான்கு சிம் என்பதால் நான்கு பாதை என்று நினைத்துவிட்டீர்கள், அதுதான் பலரும் ஏமாறும் இடம். நம் நாட்டில் 2021 டிசம்பரில் 5ஜி தொடங்கியபோது ஒரே மொத்த வலையமைப்பாகத்தான் தொடங்கியது. நிறுவனங்கள் அதையே வாங்கி விற்றன. இரண்டாவது வலையமைப்புக்கான தேர்வு 2024 நவம்பரில்தான் நடந்தது. ஆகவே உங்கள் இரண்டு 5ஜி கைப்பேசிகளும் ஒரே கோபுரத்தின் ஒரே செல்லில் (கோபுரம் ஒரு பக்கத்துக்கு வீசும் அலைப்பகுதியில்) உட்கார்ந்திருக்க வாய்ப்பு இருக்கிறது. இரண்டிலும் அந்தச் செல்லின் அடையாளமான பி.சி.ஐ. எண்ணைப் பாருங்கள். எண் ஒன்றாக இருந்தால் பாதையும் ஒன்றுதான். மலிவுத் திட்டச் சிம்மும் அப்படித்தான், அந்த நிறுவனங்களுக்குச் சொந்தக் கோபுரம் இல்லை. அது உங்கள் மற்ற மோடத்தின் வலையமைப்பிலேயே வாடகைக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் உங்களிடம் இருப்பவை இரண்டே பாதைகள். ஒரு கைப்பேசியில் 5ஜியை அணைத்து 4ஜியில் பூட்டுங்கள். மலிவுச் சிம்மை எடுத்துவிட்டு, வேறு கோபுரத்தில் ஏறும் சிம்மைப் போடுங்கள். பச்சை விளக்கு, இணைப்பு இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும், அதில் இடம் இருக்கிறது என்பதைச் சொல்லாது.

கடைசியாகப் பிட்ரேட். நெருப்புக் குழியைப் போல என்கோடருக்குக் கடினமான காட்சி வேறில்லை. கங்கு ஒவ்வொரு நொடியும் மினுங்கும், மேலே புகையும் சாம்பலும் ஆடும், பின்னால் கூட்டம் அசையும். ஒரு ஃபிரேமில் இருப்பது அடுத்ததில் இருக்காது. 3 எம்.பி.பி.எஸ்.ஸில் 1080 அனுப்பினால் கங்கு முழுவதும் கட்டங்களாகத் தெரியும். 720க்கு இறக்கி 3 எம்.பி.பி.எஸ். வையுங்கள், கீழ் எல்லையை 1 எம்.பி.பி.எஸ். ஆக்குங்கள். கொஞ்சம் மங்கலான படம் பரவாயில்லை, நின்றுபோன படம்தான் பயனற்றது.

ஈயப்பற்று, சனி பிற்பகல் 1.45

ஹப் பற்றி நான் சொன்னது இவருடைய இடத்தில் பொருந்தவில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். இருந்தாலும் கைப்பேசிகள் வெயிலில் சூடாகி வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். பெட்டியை வெளியே வைக்கும்போது நிழலில் வையுங்கள்.

செம்பனை_நிழல், சனி மாலை 4.30

தீக்குழி நகராத இடம். கோயிலுக்கு அருகில் யார் வீட்டிலாவது ஃபைபர் இருந்தால் அங்கிருந்து கம்பி இழுத்துவிடலாம். ஈதர்நெட் கம்பிக்கு 100 மீட்டர்தான் எல்லை, அதற்கு மேல் நடுவில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் வேண்டும். அதை ஐந்தாவது பாதையாகப் பிணைப்பில் சேர்த்தால் சிம்களின் பாரம் பெரிதும் குறையும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் 2023 ஜூலையிலேயே நம் நாட்டுக்கு வந்துவிட்டது, ஆனால் அதற்குத் திறந்த வானம் வேண்டும். மரங்களுக்கு நடுவே வைத்தால் அடிக்கடி அறும்.

ஆற்றோரம், சனி இரவு 8.20

தீமிதி நேரத்தில் எல்லோரும் தங்கள் கைப்பேசியிலும் நேரலை போடுவதால்தான் கோபுரம் திணறுகிறது. கோயில் நிர்வாகம் ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்புச் செய்தால், நிலைமை மாறும் அல்லவா?

செம்பனை_நிழல், சனி இரவு 8.45

ஐயா, அது சரிவராது. நேர்த்திக்கடன் செலுத்துபவரின் தாய் தன் கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கும்போது அதை இறக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது. கூட்டம் இருக்கும் என்று கருதியே நாம் திட்டமிட வேண்டும்.

பெரட்டுக்களம், ஞாயிறு இரவு 10.05

அனைவருக்கும் நன்றி. சர்வரைச் சிங்கப்பூருக்கு மாற்றினோம், பிங் 40 ஆனது. தாமத இடைவெளி 3000. இரண்டு கைப்பேசிகளிலும் பி.சி.ஐ. எண் ஒன்றாகவே இருந்தது, அதனால் ஒன்றை 4ஜியில் பூட்டினோம். மலிவுச் சிம்மை மாற்றினோம். பூசாரியின் வீட்டில் ஃபைபர் இருந்தது, ஆனால் கம்பி போதவில்லை. கரகம் குழியில் இறங்கியபோது படம் இரண்டு முறை மங்கித் தெளிந்தது, ஒருமுறையும் நிற்கவில்லை. பிட்ரேட் ஒரு கட்டத்தில் 1.4க்கு இறங்கியதைப் பார்த்தேன். கிள்ளானில் படுக்கையில் இருக்கும் என் பாட்டி, குழியின் ஓரத்தில் பாலூற்றி வைத்திருந்த பள்ளம்வரை தெரிந்தது என்று தொலைபேசியில் சொன்னார். பந்தலைப் பிரிக்க வேண்டும், பிறகு வருகிறேன்.

கம்பிவடம், ஞாயிறு இரவு 10.20

மிக்க மகிழ்ச்சி, தம்பி. 1.4க்கு இறங்கிய நேரத்தில் எந்தப் பாதை அதிகம் சுமந்தது, 4ஜியில் பூட்டிய கைப்பேசியா, புதிய சிம் போட்ட மோடமா? என்கோடரின் பதிவுக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். புக்கிட் ரோத்தான் பக்கத்தில் இன்னொரு கோயிலுக்கு இதே ஏற்பாட்டைச் செய்ய வேண்டியிருக்கிறது.

அலைக்கற்றை, செவ்வாய் காலை 9.30

பெரட்டுக்களம், அந்தப் பதிவுக் கோப்பு இருக்கிறதா?