நிலையான வைப்பும் மாதச் சந்தாவும்

அன்புடையீர், வணக்கம்.

ஊரிலுள்ள எமது சனசமூக நிலையம் வங்கியில் இட்டிருக்கும் நிலையான வைப்பை இன்னும் பெருப்பித்து, அதன் வட்டியிலேயே எல்லாச் செலவையும் கொண்டு நடத்தலாம் என்ற ஆலோசனை நல்ல நோக்கத்தில் எழுந்ததுதான். ஆனால் பழைய கணக்குப் புத்தகங்களைப் புரட்டினால் அதில் நம்பிக்கை வைப்பது கடினம்.

1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்ற பின்னர் எழுதப்பட்ட பக்கங்களில், மின்கட்டணம் இருந்த இடத்தில் மண்ணெண்ணெயும் பெற்றோமக்ஸ் விளக்குக்கான மென்ரிலும் செலவாகப் பதியப்பட்டிருக்கின்றன. அந்த நெருக்கடியிலும் அங்கத்தவர் சந்தா மாதாமாதம் வரவில் வைக்கப்பட்டிருக்கிறது. 1995 ஒக்ரோபர் இறுதியில் குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தபோதுதான் அந்த வரிசை அறுந்தது. மீளக் குடியமர்ந்த பின்னர் நிலையத்தின் வெளிநாட்டுக் கிளைகளின் பணத்தில் கட்டடம் எழுந்தது, சந்தாவோ தேய்ந்து போனது.

வைப்பு எங்களை எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதை 2022 காட்டிவிட்டது. அதற்கு முந்திய ஆண்டில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தபோது 500 டொலர் பெறுமதியாயிருந்த ஓர் இலட்சம் ரூபா, 2022 மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை எட்டியதும் 280 டொலருக்கும் கீழே போயிற்று. ஊரில் யார் டொலரில் செலவழிக்கிறார்கள் என்று கேட்கலாம். ஆனால் அச்சுத்தாள் இறக்குமதியாவதால் நிலையத்துக்கு வாங்கும் பத்திரிகையின் விலைகூட டொலரோடு சேர்ந்தே ஏறியது. வங்கிகள் 20 வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தது உண்மைதான், எனினும் அவ்வாண்டு செப்ரெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்திருந்தது. 2024இல் வட்டியும் 10 வீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. போதாததற்கு, வட்டியில் வங்கியே கழிக்கும் வரி 2025 ஏப்ரல் முதல் 10 வீதமாகியிருக்கிறது.

ஆகவே வைப்பைத் தொடாமல், திருத்த வேலைகளுக்கென ஒதுக்கி வைப்போம். மின்கட்டணம், பத்திரிகை, நூலகப் பொறுப்பாளருக்கான கொடுப்பனவு ஆகியவற்றில் ஒரு பாதியைக் கிளைகள் ஆண்டுதோறும் அனுப்பலாம். (மின்பட்டியலுக்கு நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்வெட்டுப் பதிக்க முடியாதென்பதால் இதற்கு ஆள் பிடிப்பது சிரமம் என்பதும் தெரிந்ததே.) மற்றப் பாதி, சிறு தொகையாயினும், ஊரிலுள்ள அங்கத்தவர்களின் சந்தாவாகவே வரவேண்டும், சந்தா கட்டியவர்தான் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்பார், வெளிநாட்டுக் கிளையிலுள்ள நாங்கள் இங்கிருந்து தொலைபேசியில் கேட்பது அதற்கு ஈடாகாது.

நடைமுறைச் செலவை மாத்திரம் தனியாகக் காட்டும் கூற்றொன்றை அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்னர் பொருளாளர் அனுப்பி வைத்தால், கிளைக்கு எவ்வளவு என்பதைப் பேசித் தீர்மானிக்கலாம்.