மறு: பெல்டிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

பெல்டிங் (belting) என்ற பாடும் உத்திக்கு நம் அகராதியில் என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கு இதுவரை உரத்த குரல், வலிக்குரல், ஓங்குகுரல், எடுப்புக்குரல் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. பெல்டிங் என்றே வைத்துக்கொள்ளலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். துள்ளலான பாப் பாட்டுகளைச் சொல்லித்தருகிறவள் என்ற முறையில் எனக்கு இதில் அழுத்தமான கருத்து உண்டு. வந்த சொற்களில் பல, கேட்பவர் காதில் விழும் சத்தத்தைப் பார்த்துச் செய்தவை. பாடுகிறவர் என்ன செய்கிறார் என்று பார்த்துச் செய்தால்தான் சொல் வகுப்பில் உதவும்.

பேசும்போது வருவது போன்ற கனத்த குரலான நெஞ்சுக்குரலில் குரல்நாண்கள் தடித்த நிலையில் ஒன்றோடொன்று நன்றாக மோதி அதிர்கின்றன. சுருதி ஏற ஏற அவை நீண்டு மெலிந்து, குரல் மெல்லிய மேல்குரலான தலைக்குரலுக்கு மாறப் பார்க்கும். பெண்கள் பலருக்கு 350 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இந்தத் திருப்பம் வரும். பாப் பாட்டின் கோரஸோ 440 ஹெர்ட்ஸையும் தாண்டிப் போகிறது. அங்கே மென்மையான தலைக்குரலுக்குப் போனால் டிரம்ஸுக்கும் பேஸ் கிட்டாருக்கும் அடியில் குரல் அமுங்கிவிடும். அதனால் நெஞ்சுக்குரலின் தன்மையை விடாமல் மேலே கொண்டு போகிறார்கள். நாண்கள் ஒவ்வொரு அதிர்விலும் பாதி நேரத்துக்கு மேல் மூடியே இருக்கும். வாய் அகலத் திறக்கும், குரல்வளை சற்று மேலேறும். இதுதான் பெல்டிங்.

நாண்கள் அவ்வளவு நேரம் மூடியிருப்பதால் வெளியேறும் காற்று குறைவு. 'உரக்கப் பாடு' என்று சொல்லிக் கொடுத்தால் மாணவர் இதற்கு நேர்மாறாகச் செய்வார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து முழுப் பலத்தோடு வெளியே தள்ளுவார். நிமிடத்துக்கு 120 துடிப்பு ஓடும் பாட்டில் ஒரு துடிப்பு அரை விநாடிதான். பல இடங்களில் வரிகளுக்கு நடுவே கிடைக்கும் அவகாசமே அவ்வளவுதான். நாலு வரிக்குள் தோள் ஏறும், கழுத்து புடைக்கும், குரல் கரகரக்கும். இப்படியே பழகினால் நாண்களில் முடிச்சு விழும் வரை போகலாம். ஆகவே உரத்த குரல் வேண்டாம். ஓங்குகுரலும் வேண்டாம்: 'ஓங்கி' என்றதும் நமக்கு அடியும் குத்தும்தான் நினைவுக்கு வருகின்றன.

வலிவு என்பது தமிழிசையில் ஏற்கெனவே மேல் மண்டிலத்தின் (மேல் ஸ்தாயியின்) பெயர். மெலிவு, சமன், வலிவு என்ற வரிசையை நாம் குழப்பக் கூடாது. தொண்டையில் வலி வராமல் பாடச் சொல்லித்தரும் இடத்தில் 'வலிக்குரல்' என்று ஒலிப்பதும் சரியில்லை.

எடுப்புக்குரல் எனக்கும் பிடித்த சொல்தான். 'எடுப்பான குரல்' என்று ஊரில் எல்லாரும் சொல்கிறோம். ஆனால் தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்துக்கு எடுப்பு என்று பெயர். பல்லவியையும் எடுப்பு என்கிறோம். எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்று படித்த பிள்ளைக்கு, 'எடுப்பில் எடுப்புக்குரல் வேண்டாம்' என்று நான் எப்படிச் சொல்வது?

என் பரிந்துரை: விளிக்குரல். வினையாக, விளித்துப் பாடுதல்.

இந்த உத்தியைப் பழக்க ஆசிரியர்கள் பலர் பாட்டை விட்டுவிட்டு, தூரத்தில் நிற்பவரைக் கூப்பிடச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். 'ஏய், இங்கே வா!' என்று தெருமுனை வரை கேட்கும்படி அழைத்துப் பாருங்கள். யாரும் அதற்காக மூச்சை நிரப்பிக்கொண்டு நிற்பதில்லை. வாய் தானாக விரியும், நாண்கள் தானாக இறுகி மூடும். ஏ, ஆ போன்ற திறந்த உயிர்கள் இதற்கு இசைவதும், ஊ, ஈ வரும் இடங்களில் மாணவர்கள் திணறுவதும் இதே காரணத்தால்தான். ஆக, இந்தச் சொல்லே பயிற்சியின் முதல் படியைச் சொல்லிவிடுகிறது. விளி என்றால் எட்டாம் வேற்றுமை ஆயிற்றே என்று கேட்கலாம். அதுவும் அழைப்பதுதான், பொருள் முட்டவில்லை. இறத்தல் என்ற பழம்பொருள் இன்று வழக்கில் இல்லை.

உத்தியின் வரலாறும் இந்தச் சொல்லுக்குப் பொருந்துகிறது. 1930-இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்கு வந்த அமெரிக்கப் பாடகி எத்தெல் மெர்மன் ஒலிபெருக்கி இல்லாமல் இசைக்குழுவை மீறிக் கேட்கும்படி பாடிப் பெயர் பெற்றவர். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கே எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி நாடக மேடையில் பாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே உத்தி என்று நான் சொல்லவில்லை. கடைசி ஆளையும் கூப்பிட்டாக வேண்டிய தேவை இரு மேடைக்கும் பொது.

அப்புறம், தலைக்குரலுக்குக் கள்ளக்குரல் என்று வந்த யோசனையைக் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கர்நாடக இசையில் அது குறை சொல்லும் வார்த்தை. தலைக்குரல் முறையான, பயிற்சி தேவைப்படும் குரல். மாணவர் அதை வெட்கத்தோடு கற்கக் கூடாது. தலை, மிடறு (தொண்டை), நெஞ்சு மூன்றிலும் காற்று நிலைபெற்று ஒலி பிறப்பதைத் தொல்காப்பியப் பிறப்பியலே சொல்கிறது. நெஞ்சுக்குரல், தலைக்குரல் என்ற இரண்டும் நமக்கு அந்நியமே இல்லை. இந்த இரண்டும் கலந்த மிக்ஸ்டு வாய்ஸுக்கு மிடற்றுக்குரல் என்று வைக்கலாமா என்றால், வேண்டாம். எல்லாக் குரலும் மிடற்றில்தான் பிறக்கிறது. 'குரல் இழைந்து வருகிறது' என்று சொல்வோமே, அதை வைத்து இழைவுக்குரல் என்று முன்வைக்கிறேன். அதைத் தனி இழையில் பேசலாம்.

அகராதி வரைவுக்கான பதிவு:

விளிக்குரல் (பெயர்): தூரத்தில் இருப்பவரை அழைக்கும்போது இயல்பாக அமைவதுபோல், நெஞ்சுக்குரலின் தன்மையை உயர் சுருதியிலும் தக்கவைத்துப் பாடும் குரல். எ.கா.: 'கோரஸின் மூன்றாம் வரியை மட்டும் விளிக்குரலில் பாடு, மற்றவற்றை இழைவுக்குரலில் விடு.'

பாட்டு சொல்லித்தருகிற மற்றவர்களும் வகுப்பில் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்து, மாணவர்களுக்குப் புரிந்ததா என்று எழுதுங்கள்.