வீட்ல சாமான் குறைக்கணும்... பரண், பால்கனி எல்லாம் ரொம்பிடுச்சு, எங்கேருந்து ஆரம்பிக்கறது?

மொட்டைமாடி:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கோங்க. மேடவாக்கம் பக்கம் ரெண்டு பெட்ரூம் வாடகை பிளாட். நான், வீட்டுக்காரர், ஸ்கூல் போற பசங்க ரெண்டு பேர், மாமனார் தவறினதுக்கப்புறம் மாமியாரும் எங்ககூடவே வந்துட்டாங்க. கும்பகோணத்து வீட்டை காலி பண்ணினப்போ அவங்க பாத்திரம் பண்டம் மொத்தமும் லாரியில வந்து இறங்கிருச்சு. பித்தளை அண்டா, தவலை, வெண்கலப்பானை, அடுக்கு, தூக்கு, சம்புடம், இட்லி கொப்பரை வேற. பரண் ரெண்டும் ரொம்பி மிச்சம் பால்கனியில தார்ப்பாய் போட்டு மூடி கிடக்கு, துணி காயப்போட எடம் இல்ல.

அவங்களை மட்டும் சொல்லி என்ன, எங்க சாமான் அதுக்கு மேல. கட்டிலுக்கு அடியில பிரிக்காத டின்னர் செட், சுவர் கடிகாரம், வளைகாப்பு கிரகப்பிரவேசம்னு போற எடத்துல எல்லாம் தாம்பூலப் பையில போட்டுக் குடுத்த எவர்சில்வர் கிண்ணம், பிளாஸ்டிக் டப்பா. வாரண்டி முடியறவரைக்கும் இருக்கட்டும்னு மிக்ஸி, டிவி, பிரிண்டர் அட்டைப்பெட்டி. பசங்களுக்கு பர்த்டேக்கு வர்ற பொம்மை ரெண்டு நாள்ல மூலைக்கு போயிடுது, ஆனா எடுத்தா மட்டும் அழுகை.

வீட்டுக்காரர் மூணு பெட்ரூமுக்கு மாறிடலாம்ங்கறார். எனக்கு மனசு ஒப்பல. கூடுதலா குடுக்கப்போற வாடகை எங்களுக்கில்ல, சாமானுக்கு. இருக்கற வீட்லயே கால் நீட்டி படுக்க, பசங்க ஓடி ஆட தரை வேணும், அவ்ளோதான் என் ஆசை. யூட்யூப்ல காட்டற மாதிரி வெள்ளைச் சுவரும் ஒத்தை செடியும் வெச்ச மினிமலிஸம் எனக்கு வேணாம்.

மாமியார் மனசு நோகாம அவங்க பாத்திரத்தை எப்படி குறைக்கறது? எடுக்கறதை குப்பையில போடாம யாருக்கு குடுக்கறது? அப்புறம் முக்கியமா, மறுபடி சேராம எப்படி பாத்துக்கறது? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


பில்டர்காபி:

தங்கச்சி, முதல்ல மாமியார் சாமான்ல கையே வைக்காத. அந்தம்மா புருஷனை இழந்து, வீட்டை விட்டு, தெருவை விட்டு வந்திருக்காங்க, அந்த பாத்திரம்தான் இப்ப அவங்க கையில இருக்கற கும்பகோணம். உன் கட்டிலுக்கு அடியில இருக்கறதை முதல்ல வெளிய எடு. நீ உன் சாமானை குறைக்கறதை அவங்க கண்ணால பாக்கட்டும், அதுக்கப்புறம் பேச்சு தானா வரும்.

எங்கம்மா விஷயத்துல நான் பண்ணினது இதுதான். ஒரு மத்தியானம் பரண்லேருந்து பாத்திரம் எல்லாத்தையும் இறக்கி கூடத்துல பரப்பி, ஒண்ணொண்ணா கையில எடுத்து இது யார் குடுத்தது, எப்ப வந்ததுன்னு கேட்டேன். அந்தக் காலத்து எவர்சில்வர் குடம், தூக்கு எல்லாத்துலயும் கழுத்துக்கு கீழ புள்ளி புள்ளியா பேர் வெட்டியிருப்பாங்க பாரு, அதை விரலால தடவித் தடவி படிச்சாங்க. ஒரு தூக்குல என் சின்ன தாத்தா பேரும் தேதியும் இருந்தது, அம்மாவோட தலைதீபாவளிக்கு அதுல அதிரசம் போட்டு கொண்டுவந்தாராம். அந்தக் கதை எனக்கு அதுவரைக்கும் தெரியாது. அம்மா சொல்லச் சொல்ல நான் போட்டோ எடுத்து கூடவே எழுதி வெச்சேன். எல்லாம் சொல்லி முடிச்சதும் அவங்களே பிரிக்க ஆரம்பிச்சாங்க, இது பெரியவளுக்கு, இது பேத்தி கல்யாணத்துக்கு, இந்த அண்டாவை ஊர்ல அம்மன் கோயில் மடப்பள்ளிக்கு குடுத்துடு, கூழ் ஊத்தறப்போ ஆகும்னு. நான் கேட்டிருந்தா ஒரு ஸ்பூன்கூட குடுத்திருக்க மாட்டாங்க.

பெரிய அண்டா தவலை எல்லாம் விசேஷத்துக்கு வேணும்னு சொன்னாங்கன்னா, இப்ப எல்லா ஏரியாவுலயும் பாத்திரம் வாடகைக்கு கிடைக்குதுன்னு பக்குவமா சொல்லு. வெண்கலப்பானையை மட்டும் எங்கயும் அனுப்பாத, கீழ இறக்கி அடுப்புல வை. அதுல வடிக்கற சாதம் குக்கர்ல வராது, மாமியாரே கத்துக்குடுப்பாங்க. பித்தளையில புளி சேர்த்து சமைக்கறதா இருந்தா உள்ள ஈயம் (வெள்ளீயம்) பூசியிருக்கான்னு பாத்துக்கோ, இல்லன்னா களிம்பு ஏறிடும். பரண்ல கிடக்கற பொருளுக்கும் அடுப்புல ஏறுற பொருளுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்க வீட்லயே பாப்ப.

இன்னொண்ணு, பழைய பாத்திரம் போட்டு புதுசு எடுத்துக்கலாம்னு பாத்திரக்கடைக்கு மட்டும் போயிடாதே. எடைக்கு எடை போட்டு திரும்ப மூட்டை வீட்டுக்கே வந்து சேரும். காசா வாங்கிக்கோ.


மதுரைக்காரி:

பில்டர்காபி அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. நான் மூணாவது கேள்விக்கு மட்டும் சொல்றேன், ஏன்னா குறைக்கறது ஒரு தடவை வேலை, சேராம பாத்துக்கறதுதான் தினமும் இருக்கற வேலை.

ரூம் ரூமா ஒழிக்காதீங்க, ஜப்பான்ல மாரி காண்டோன்னு ஒருத்தங்க சொல்ற முறைதான் எனக்கு சரியா வந்துச்சு. வீட்ல எங்கெங்க இருந்தாலும் ஒரே வகைப் பொருளை ஒரு எடத்துல குவிக்கணும். நாங்க தண்ணி பாட்டிலை எல்லாம் கூடத்துல குவிச்சப்போ பசங்களே அசந்து போயிட்டாங்க, அவங்களா ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டு மிச்சம் வேணாம்னுட்டாங்க. மாரி காண்டோவே 2023ல, மூணாவது குழந்தை பொறந்ததுக்கப்புறம் வீட்டை பழையபடி அடுக்கி வெச்சுக்கறதை கொஞ்சம் விட்டுட்டேன், பிள்ளைகளோட இருக்கற நேரம்தான் முக்கியம்னு சொன்னாங்க. அதனால சின்ன பிள்ளைங்க இருக்கற வீட்ல நீங்க ரொம்ப வருத்திக்காதீங்க.

வாங்கற பக்கம் வந்தா, ஆடித் தள்ளுபடி, தீபாவளி சேல் ரெண்டும்தான் நம்மள கவுக்கறது. அதுலயும் இந்த நோ காஸ்ட் இஎம்ஐ. வட்டியே இல்லைன்னு நினைக்கறோம். ரிசர்வ் வங்கி 2013லேயே வட்டியே இல்லாத கடன்ங்கறது கிடையாதுன்னு சொல்லி ஜீரோ பர்சென்ட் திட்டத்தை நிறுத்தச் சொல்லிருச்சு. இப்ப கிரெடிட் கார்டுல நடக்கறது என்னன்னா வட்டித் தொகையை முன்கூட்டியே தள்ளுபடியா கழிச்சுட்டு பேங்க் அதை மாசாமாசம் வாங்கிக்குது, அந்த வட்டிக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதுபோக பல பேங்குல பிராசசிங் பீஸ். ஸ்டேட்மெண்ட் எடுத்து வரி வரியா பாருங்க, தெரியும். நான் இப்ப முழுசா ரொக்கமா குடுக்க முடியற பொருளை மட்டும்தான் வாங்கறது. அப்படி வெச்சாலே பாதி ஆசை நின்னுபோகுது.

ஷாப்பிங் ஆப்பை போன்லேருந்து எடுத்துருங்க. வேணும்ங்கறதை காலண்டர்ல எழுதிவைங்க, மாசம் திரும்பினப்புறமும் வேணும்னு தோணுச்சுன்னா வாங்கலாம். பர்த்டேக்கு கூப்பிடும்போதே கிஃப்ட் வேணாம், பிள்ளைகளை மட்டும் அனுப்புங்கன்னு சொல்லிருங்க. முதல்ல சொந்தக்காரங்க ஒரு மாதிரி பாப்பாங்க, அப்புறம் அவங்களுக்கே நிம்மதி. நம்ம வீட்டு விசேஷத்துக்கு தாம்பூலத்துல டப்பா வைக்கறதை விட்டுட்டு வெத்தலை பாக்கு மஞ்சள் தேங்காயோட நிறுத்திக்கிட்டோம். அது யார் வீட்டு பரணுக்கும் போகாது.


கடலோரம்:

நான் நாகப்பட்டினம். ரெண்டாவது கேள்வியை படிச்சதும் எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

2004 சுனாமிக்கு அப்புறம் எங்க பக்கம் லாரி லாரியா பழைய துணி வந்து எறங்குச்சு. கிழிஞ்சது, கறை படிஞ்சது, மீனவ சனம் என்னிக்குமே உடுத்தாத துணி. உசுரையும் வீட்டையும் பறிகொடுத்துட்டு நின்ன சனம், அடுத்தவங்க கழிச்சுப் போட்டதை கட்டிக்க மாட்டோம்னு ஒதுக்கிட்டாங்க, நியாயம்தானே. ரோட்டோரமா குவியல் குவியலா மழையில நனைஞ்சு கிடந்தது, மாடு மேஞ்சது. கூஞ்ச் மாதிரி அமைப்புங்க அப்புறமா வந்து எடுத்து ரகம் பிரிச்சு உபயோகமாக்க வேண்டியிருந்தது. குடுத்தவங்க நல்ல மனசோடதான் குடுத்திருப்பாங்க, ஆனா வாங்கறவங்களுக்கு அது சுமையாயிடுச்சு.

அதனால குடுக்கறதுக்கு முன்னாடி துவைச்சு, பட்டன் ஜிப் பாத்து, மடிச்சு, இதை என் தம்பிக்கு குடுப்பனான்னு ஒரு தடவை யோசிங்க. குடுக்கற எடத்துல என்ன வேணும்னு போன் போட்டு கேட்டுட்டு போங்க, ஒவ்வொரு இல்லத்துலயும் தேவை வேற வேறயா இருக்கும். பிரிக்காத டின்னர் செட், கடிகாரம் எல்லாம் உங்க வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, வாட்ச்மேன் இவங்ககிட்ட வேணுமான்னு முதல்ல கேளுங்க, வேணாம்னு சொல்ற உரிமையோட கேளுங்க, தலையில கட்டாதீங்க. உடுத்த முடியாத காட்டன் துணியை வீட்லயே கரித்துணியா, மிதியடியா போட்டுக்கலாம். போகி வரட்டும்னு மட்டும் சேர்த்து வைக்காதீங்க. 2018 போகி அன்னிக்கு புகையில சென்னை ஏர்போர்ட்ல பிளைட்டு எறங்க முடியாம வேற ஊருக்கு திருப்பி விட்டாங்க, ஞாபகம் இருக்கா? இப்பல்லாம் போகிக்கு முன்னாடி மாநகராட்சியே பழைய துணி, பாய், டயரை தனியா வாங்கிக்கறாங்க. பெரிய மெத்தை சோபா எதாவது இருந்தா 1913க்கு போன் பண்ணி கேளுங்க.


பனியன்லைன்:

வணக்கமுங்க. நான் திருப்பூர்ல பனியன் கம்பெனி லைன்ல இருக்கறனுங்க. துணியில சம்பாதிக்கற நானே கம்மியா வாங்குங்கன்னு சொல்றது ஒரு மாதிரியா இருக்கும், ஆனா சொல்லோணும்.

ஒரு காட்டன் டி-ஷர்ட்டுக்கு, பருத்தி விளையறதுலேருந்து சேர்த்து, சுமார் 2,700 லிட்டர் தண்ணி ஆகும்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க. தண்ணியைக் கூட விடுங்க, சாயத்தை பாருங்க. எங்க நொய்யல் ஆறு என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும். அதுக்கு குறுக்க ஒரத்துப்பாளையம் அணையை பாசனத்துக்குன்னு கட்டி, கடைசில சாயத்தண்ணி தேங்கி கீழ இருக்கற காடு தோட்டம் கெணறெல்லாம் கெட்டுப்போச்சு. 2011 ஜனவரில ஹைகோர்ட் உத்தரவு போட்டு 700க்கு மேல சாயப்பட்டறை மூடுனாங்க, எத்தனையோ குடும்பம் வேலையில்லாம நின்னுது. அப்புறம் கழிவுநீர் ஒரு சொட்டு வெளிய விடாம சுத்திகரிச்சு மறுபடி உபயோகிக்கற முறை வந்துதான் தொழில் எந்திரிச்சுது. அந்த செலவெல்லாம் போட்டு பண்ற துணி 99 ரூபாய்க்கு வராதுங்க. அந்த விலைக்கு விக்குதுன்னா எங்கயோ ஒரு எடத்துல கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம், துணி கனத்துலயோ தைக்கற பொண்ணுக கூலியிலயோ.

ரெண்டு எடுக்கற காசுக்கு ஒண்ணு எடுங்க, நல்லதா எடுங்க. டி-ஷர்ட்டுன்னா 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கற கணக்கு) பக்கம் இருந்தா நாள்பட வரும், 130, 140 எல்லாம் சீக்கிரம் தொளதொளன்னு ஆயிரும். உள்பக்கம் திருப்பி தையலை பாருங்க, பக்கவாட்டுத் தையலை லேசா இழுத்தா நூல் பல்லிளிக்கக் கூடாது. தோள்பட்டையில டேப் வெச்சு தைச்சிருந்தா தொங்காது. கழுத்து ரிப்பை இழுத்து விட்டா பழைய அளவுக்கு திரும்போணும். பசங்களுக்கு ஒரு சைஸ் பெருசா எடுங்க. இவ்வளவு பாத்து எடுக்க ஆரம்பிச்சா கடையில நீங்க எடுக்கறதே கம்மியாயிரும்.


வேளச்சேரிவாசி:

நாங்க தரைத்தளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. தண்ணி வடிஞ்சதும் தெரு பூரா மெத்தை, சோபா, பிளைவுட் பீரோ. எங்க பிளைவுட் அலமாரி ஊறி கையில எடுத்தா பிட்டு பிட்டா வந்துச்சு, பாட்டியோட தேக்கு பெஞ்சும் இரும்பு பீரோவும் கழுவி வெயில்ல வெச்சதும் பழையபடி ஆயிடுச்சு. அதுக்கப்புறம் நாங்க திரும்ப வாங்கினது ரொம்ப கம்மி, கயித்துக்கட்டில், மடக்கு நாற்காலி, சமையலுக்கு வேண்டியது.

ஆனா ஒரு விஷயம் சொல்லணும். சாமான் சேர்த்து வைக்கறவங்களை எல்லாம் தப்பா பேசக்கூடாது. எங்கம்மா ஹார்லிக்ஸ் பாட்டில், பால்கவர், சணல் கயிறு எதையும் விடமாட்டாங்க, இல்லாத காலத்துல வளந்தவங்க. அந்த வெள்ளத்தப்ப அரிசி பருப்பு நனையாம இருந்தது அம்மா மேல அடுக்கி வெச்ச அந்த கண்ணாடி பாட்டில்லதான். மினிமலிஸம்னு சொல்லி இருக்கற டப்பாவை எல்லாம் தூக்கிப்போட்டு ஒரே மாதிரி கண்ணாடி ஜார் செட்டா வாங்கி அடுக்கறாங்களே, அதை தயவுசெஞ்சு பண்ணாதீங்க. இருக்கறதை தேயறவரைக்கும் உபயோகிங்க. வாங்கறதை நிறுத்தினாலே போதும், மூணு பெட்ரூம் தேவைப்படாது.


மொட்டைமாடி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்னபடி நேத்து கட்டிலுக்கு அடியில இருந்ததை மட்டும் வெளிய எடுத்தேன், மாமியார் வந்து பக்கத்துல உக்காந்து அவங்களா பிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு டின்னர் செட்டை வாட்ச்மேன் வீட்ல பொண்ணுக்கு கல்யாணம்னு சந்தோஷமா வாங்கிக்கிட்டாங்க. அட்டைப்பெட்டி எல்லாம் பில்லை மட்டும் பைல்ல போட்டுட்டு பழைய பேப்பர்காரருக்கு போட்டாச்சு. வெண்கலப்பானையை ஞாயித்துக்கிழமை இறக்கறதா பேச்சு, ஈயம் பூசறவர் எங்க இருக்கார்னு மாமியாரே விசாரிக்கறாங்க. மூணு பெட்ரூம் பேச்சை வீட்டுக்காரர் தீபாவளி வரைக்கும் தள்ளி வெச்சிருக்கார். நோ காஸ்ட் இஎம்ஐ ஸ்டேட்மெண்டை அவர்கிட்ட காட்டினேன், ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தார்.

இன்னும் ஒரு கேள்வி, செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரி ஒண்ணும் பழைய போன், சார்ஜர் ஒரு பை நிறையவும் இருக்கு. இதை பேப்பர்காரர்கிட்ட போடலாமா?


மதுரைக்காரி:

வேணாங்க. பேட்டரிக்குள்ள காரீயமும் ஆசிடும் இருக்கு, காயலான் கடையில உடைச்சா அந்த வேலை பாக்கறவங்களுக்குத்தான் ஆபத்து. இன்வெர்ட்டர் பேட்டரி விக்கற கடையிலயே பழசை எடுத்துக்கிட்டு காசும் தருவாங்க, நிமிர்த்தி வெச்சே கொண்டுபோங்க, சாய்க்காதீங்க. போன் சார்ஜர் எல்லாம் இ-வேஸ்ட் எடுக்கற அனுமதி உள்ளவங்ககிட்ட மட்டும் குடுங்க. குடுக்கறதுக்கு முன்னாடி போனை ரீசெட் பண்ணி சிம், மெமரி கார்டை எடுத்துருங்க. உப்பியிருக்கற போன் எதாவது இருந்தா அதை மத்ததோட போடாம தனியா வைங்க, சார்ஜ் போட்டு பாக்காதீங்க.