காசு ஆல்பத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கிறது, அவசரம்

மாடிவீட்டுக்காரன்:
வணக்கம். ஐந்து வருஷமாக ஆல்பத்தில் போட்டு பீரோவில் பூட்டி வைத்திருந்த காசுகளை நேற்று எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது, தொட்டால் எண்ணெய் மாதிரி பிசுபிசுக்கிறது. எப்படி எடுப்பது, இனிமேல் எதில் வைப்பது? ஞாயிற்றுக்கிழமை மாமா பையன் பார்க்க வருகிறான், சீக்கிரம் சொல்லுங்கள்.

அரையணா:
என்ன காசு? வெள்ளியா, செம்பா, நிக்கலா? படம் போடுங்கள்.

குமரிக்காற்று:
எந்த ஊர், கடல் பக்கமா? எங்கள் வீட்டில் கதவுத் தாழ்ப்பாளே வருஷத்துக்கு ஒன்று போகிறது. உப்புக்காற்றுதான், வேறென்ன. டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு இறுக மூடுங்கள்.

பீரோராணி:
பீரோவில் அந்துருண்டை இருக்கிறதா? அம்மாவின் வெள்ளிக் குங்குமச்சிமிழ் அந்துருண்டை பக்கத்திலேயே இருந்து கறுத்துப் போனது. அதை முதலில் எடுத்து வெளியே போடுங்கள்.

நாலுகாசு:
வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், பழைய இழைகளைப் படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. கறுப்பு வேறு, பச்சை வேறு. வெள்ளி கறுப்பது கந்தகத்தால். ரப்பர் பேண்ட், மட்டமான அட்டை இதெல்லாம் பக்கத்தில் இருந்தாலே கறுக்கும். பச்சையும் பிசுபிசுப்பும் சேர்ந்து வந்தால் ஆல்பம்தான். எந்த ஆல்பம் என்று அவர் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

மாடிவீட்டுக்காரன்:
சாரி. ஊர் சேலம், கடலே கிடையாது. தஞ்சைப் பெரிய கோயில் நினைவு நாணயம் 1000 ரூபாய், காமராஜர் படம் போட்ட 5 ரூபாய், தாத்தா வைத்திருந்த ஜார்ஜ் மன்னர் காலணா ஏழெட்டு, இன்னும் சில. ஆல்பம் ஸ்டேஷனரிக் கடையில் வாங்கியது. அந்துருண்டை இல்லை, கற்பூரம் உண்டு.

நாலுகாசு:
ஆல்பத்தைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புது ரெக்சின் வாசனை அடித்தால் அது பிவிசி. அந்த பிளாஸ்டிக் வளைந்துகொடுக்க அதில் ஒரு எண்ணெய்ப் பொருள் கலப்பார்கள், அது வருஷக்கணக்கில் கசியும், அதோடு பிளாஸ்டிக்கே சிதைந்து அமிலமும் விடும். அந்த அமிலம் செம்பைத் தின்றால் பச்சை. உங்கள் 1000 ரூபாய் 35 கிராம், அதில் 80 சதவீதம்தான் வெள்ளி, மீதி 20 செம்பு. வெள்ளிக் காசு எப்படிப் பச்சையாகும் என்று அடுத்து கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்கிறேன்.

சுத்தமான அசிட்டோன் வாங்குங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி காசை ஊறவிட்டு, வேறு கிண்ணத்தில் புதிதாக ஊற்றி இன்னொரு முறை முக்கி எடுத்து, துணியில் வைத்து ஒற்றுங்கள். தேய்க்கவே கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு பக்கத்தில் வேண்டாம், குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

கும்பகோணம்_சித்தி:
இதற்குப் போய் ரசாயனமா? புளியைக் கரைத்துப் போட்டு மேலே விபூதி வைத்துத் தேய்த்தால் குத்துவிளக்கு மாதிரி மின்னும்.

அரையணா:
சித்தி, மின்னும்தான். அப்புறம் விற்கப் போனால் பாதி விலைக்குக் கேட்பார்கள். விபூதி போட்டுத் தேய்த்த கீறல் லென்ஸ் வைத்தால் வலை மாதிரி தெரியும்.

கும்பகோணம்_சித்தி:
காலணாவை யார் விற்கப் போகிறார்கள்? தாத்தா காசு, பூஜையில் வைப்பார்கள்.

சில்லறைமாமா:
காலணாவை விடுங்கள், வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய் லட்சக்கணக்கில் போகிறதாமே? என்னிடம் மூன்று இருக்கிறது.

அரையணா:
போகாது. நானும் இரண்டை வைத்துக்கொண்டு இருக்கிறேன், இரண்டுக்கும் ஒரு டீ வரும். பழைய காசை வாங்குகிறோம், கமிஷன் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவர்களை நம்பாதீர்கள் என்று 2021-இல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

சில்லறைமாமா:
வீடியோவில் ஒருவர் வாங்கியதைக் காட்டினாரே.

அரையணா:
காட்டுவார்.

குமரிக்காற்று:
சேலமாக இருந்தாலும் மழைக்காலத்தில் ஈரம் உண்டு, சிலிக்கா ஜெல்லை நான் விடமாட்டேன்.

நாலுகாசு:
போடுங்கள், தப்பில்லை. ஆனால் பிவிசி உள்ளே இருக்கும்போது இறுக மூடினால் அந்த அமில ஆவி டப்பாவுக்குள்ளேயே சுற்றும். முதலில் ஆல்பத்தைக் குப்பையில் போடுங்கள். நல்ல காசுக்கு அக்ரிலிக் காப்ஸ்யூல் (ஒரு காசு மட்டும் வைக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் டப்பி), 1000 ரூபாய்க்கு 44 மில்லிமீட்டர் அளவு கேட்டு வாங்குங்கள். மற்றதற்கு மைலார் என்கிற தெளிவான பிளாஸ்டிக் தாளில் ஜன்னல் வைத்த அட்டை உறை, ஸ்டேப்ளர் முள்ளை மட்டும் குறட்டால் அழுத்தித் தட்டையாக்குங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும். இரும்பு பீரோ நல்லதுதான், மர அலமாரி என்றால் மரமே ஆவி விடும். கற்பூரம் வேறு தட்டுக்குப் போகட்டும். பிடிப்பது ஓரத்தில் மட்டும்.

மாடிவீட்டுக்காரன்:
வாசனை அப்படியே ரெக்சின்தான். அசிட்டோன் கிடைத்துவிட்டது, எல்லாவற்றையும் ஒன்றாக ஊற வைத்துவிட்டேன். ஒன்று கேட்க மறந்தேன், பிள்ளையார் கலர் படம் போட்ட வெள்ளிக் காசு ஒன்றும் அதில் இருக்கிறது, பரவாயில்லையா?

அரையணா:
ஐயோ, எடுங்கள்! கலர் போய்விடும்!

நாலுகாசு:
"இன்னும் சில" என்று எழுதியதில் இதுதான் இருந்ததா? தவிர அது காசே இல்லை. அரசு அச்சடித்தால்தான் நாணயம், நகைக்கடையில் விற்பது வெறும் வெள்ளி வில்லை.

பீரோராணி:
பிள்ளையாரைப் போய் வில்லை என்கிறீர்களே. நாங்கள் வெள்ளிக்காசு என்றுதான் சொல்லுவோம், கடையிலும் அப்படித்தான் பில் போடுகிறார்கள்.

நாலுகாசு:
பில்லில் எழுதினால் செல்லுபடியாகுமா? பஸ்ஸில் கொடுத்துப் பாருங்கள்.

கும்பகோணம்_சித்தி:
உங்கள் 1000 ரூபாயை மட்டும் கண்டக்டர் வாங்கிக்கொள்வாரா?

மாடிவீட்டுக்காரன்:
1000 ரூபாய் சுத்தமாகிவிட்டது. காமராஜரும் சரி. இரண்டு காலணாவில் பச்சை போன இடத்தில் குழி விழுந்திருக்கிறது. பிள்ளையாருக்குத் தும்பிக்கை மட்டும் மிச்சம். நன்றி.