ஹாஸ்டலில் எச்பிவி ஊசி முகாம், பெயர் எழுதத்தான் ஆளில்லை

மூன்றாம்மாடி:
கோவையில் எம்.எஸ்சி. படிக்கிறேன், வயது 21. அடுத்த மாதம் எங்கள் ஹாஸ்டலில் எச்பிவி தடுப்பூசி முகாம், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸுக்கு எதிரான ஊசி. மெஸ் வாசலில் தாள் ஒட்டி நாலு நாள் ஆச்சு, ஒன்பது பெயர்தான் இருக்கிறது, அதிலும் இரண்டை யாரோ பேனாவால் அழுத்தி அடித்திருக்கிறார்கள். ஊசி வலிக்கும் என்று ஒருத்தியும் சொல்லவில்லை, "அந்தத் தாள்ல என் பேரைப் பார்த்தா என்ன நினைப்பாங்க" என்பதுதான் எல்லோருக்கும். அம்மாவிடம் சொன்னேன். "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு அது எதுக்குடி?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். மூன்று டோஸாம், ஒரு டோஸ் சுமார் 2,000 ரூபாய், வீட்டில் கேட்காமல் கட்ட முடியாது. இந்த வயதில் போட்டுப் பலன் உண்டா?

வெள்ளைக்கோட்டு:
உண்டு. கல்யாணம் ஆகவில்லை என்பதுதான் இப்போதே போடுவதற்குக் காரணம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இந்த வைரஸ் பெரும்பாலும் உடலுறவு வழியாகப் பரவுகிறது, ஏற்கெனவே வந்த தொற்றை ஊசி குணமாக்காது. நம் நாட்டுத் தயாரிப்பான செர்வாவேக் 26 வயது வரை போடலாம். 14 வரை இரண்டு டோஸ், அதற்கு மேல் 0, 2, 6 மாதம் என்று மூன்று. உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் 21 தாண்டியவர்களுக்கு இரண்டே போதும் என்றது, பணம் இடித்தால் முகாம் டாக்டரிடம் இதைக் கேட்டுப்பாருங்கள். அப்புறம், காலை டிபனை விட்டுவிட்டு வராதீர்கள், போட்டதும் கால் மணி நேரம் உட்காருங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த வைரஸின் 16, 18 ஆகிய இரண்டு வகைகள்தான் காரணம், மீதி வகைகளும் இருப்பதால் 30 வயதுக்கு மேல் பரிசோதனையும் வேண்டும்.

சந்தேகப்பேர்வழி:
கம்மம் மாவட்டத்தில் இந்த ஊசி போட்ட பெண் குழந்தைகள் செத்தார்களே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

வெள்ளைக்கோட்டு:
பேசலாமே. கம்மம் அப்போது இருந்த ஆந்திராவிலும் குஜராத்திலும் பெண் குழந்தைகளுக்கு இந்த ஊசி போட்ட திட்டத்தில் சேர்த்து ஏழு பேர் இறந்தார்கள், 2010 ஏப்ரலில் அந்தத் திட்டத்தையே நிறுத்தினார்கள். நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து என்று பெரும்பாலும் காரணங்கள் வேறு. ஊசியோடு தொடர்பு இருப்பதாக விசாரணையில் தெரியவில்லை. ஆனால் ஒரு பெரிய தப்பு நடந்தது. பெற்றோர் போட வேண்டிய சம்மதக் கையெழுத்தைப் பல இடங்களில் ஹாஸ்டல் வார்டனே போட்டிருந்தார், 2013ல் நாடாளுமன்றக் குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. பயம் வந்ததில் அதிசயமில்லை. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் முகாமில் படிவத்தை நீங்களே படித்துக் கையெழுத்துப் போடுங்கள்.

மெக்கானிக்கல்_பையன்:
ஆண்களும் போடலாம், நான் போட்டேன், தொண்டைப் புற்றுநோய்க்கும் இந்த வைரஸ் ஒரு காரணம். மருந்துக்கடைக்காரர் "தங்கச்சிக்கா தம்பி?" என்றார், எனக்குத்தான் என்றதும் பாக்கியை எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாரே! அப்புறம், அந்தத் தாளைக் கிழித்துவிட்டு ஒரு கூகுள் ஃபார்ம் போடச் சொல்லுங்கள் முதலில்.

மூன்றாம்மாடி:
வார்டனிடம் சொல்லித் தாளை எடுத்தாச்சு, ஃபார்மில் ஒரே ராத்திரியில் 31 பேர். அம்மாவிடம் கல்யாணத்துக்கு முன்னால் போடுவது என்றே சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரி, சித்தி பொண்ணுக்குப் பதிமூணு வயசு, அவளுக்கு ரெண்டு போதுமாமே?" என்று கேட்டார். ரெண்டு என்று நான் சொல்லவே இல்லை, எங்கே விசாரித்தாரோ.